தானியேலின் பதின்மூன்று கல்லறைகள்: தொடக்ககால இஸ்லாமிய வெற்றி வரலாறுகளில் விவிலிய மரபு

இன்றைய ஈரானின் தென்மேற்கில், கூஜிஸ்தான் மாநிலத்தில் உள்ள ஸூஸ், துஸ்தர் என்னும் இரு நகரங்களும் 640ஐ ஒட்டிய ஆண்டுகளில் அபூ மூஸா அல்-அஷ்அரீயின் படையிடம் வீழ்ந்தன. அங்கே கைப்பற்றப்பட்டவற்றுள் ஒன்று பங்கு போட முடியாததாக இருந்தது. அது அழியாமல் கிடந்த ஒரு மனித உடல். பஸ்ராவைச் சேர்ந்த அபுல் ஆலியா சொன்னதாக வரும் செய்தியின்படி, பாரசீகத் தளபதி ஹுர்முஸானின் கருவூலத்தில் ஒரு கட்டிலின்மேல் அந்த உடல் கிடந்தது. தலைமாட்டில் ஒரு நூல் இருந்தது. நூல் மதீனாவுக்கு, கலீஃபா உமரிடம் போயிற்று. யூதராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய கஅப் அல்-அஹ்பாரை வரவழைத்து உமர் அதை அரபியில் எழுதச் செய்தார். உடலை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அபுல் ஆலியா சொன்ன விடைதான் நினைவில் நிற்பது: பகலில் வெவ்வேறு இடங்களில் பதின்மூன்று குழிகள் தோண்டினோம்; இரவில் அவற்றுள் ஒன்றில் அவரை அடக்கம் செய்து, எல்லாக் குழிகளையும் ஒன்றுபோல மூடிச் சமப்படுத்தினோம்; மக்கள் மறுபடி தோண்டி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மழை பொய்த்தால் அவ்வூரார் அந்தக் கட்டிலை வெளியே கொண்டுவந்து வைத்து மழை வேண்டுவது வழக்கமாம். அவர் யார் என்று எண்ணினீர்கள் என்ற கேள்விக்கு அபுல் ஆலியா கூறிய பெயர் தானியால், விவிலியத்தின் தானியேல்.

நூலை வைத்துக்கொண்டு உடலை மறைத்த இந்தச் செயல், தொடக்ககால இஸ்லாமிய வெற்றி வரலாறுகள் விவிலிய மரபைக் கையாண்ட முறை முழுவதையும் ஒரு காட்சியாகச் சுருக்கித் தருவதாக எனக்குத் தோன்றுகிறது. முன்னறிவிப்பு வேண்டும், அதைச் சொல்ல முற்கால வேதக்காரர்களான யூதர், கிறிஸ்தவரின் வாய் வேண்டும், ஆனால் அவர்களுடைய வழிபாடும் அதன்மேல் அவர்களுக்குள்ள அதிகாரமும் உடன்வந்துவிடக் கூடாது. இந்த இழுபறியைக் கவனிக்காமல் இந்நூல்களைப் படிப்பவர்கள், ஒன்று இவை விவிலியத்தைப் பார்த்து எழுதப்பட்ட நகல்கள் என்ற முடிவுக்கு வருகிறார்கள், அல்லது உள்ளதை உள்ளபடி பதிந்த குறிப்புகள் என்று நம்பிவிடுகிறார்கள்.

இவ்வகை நூல்களுக்கு அரபியில் ஃபுதூஹ் என்று பெயர். ஃபத்ஹ் என்ற சொல்லின் பன்மை அது, நேர்ப்பொருள் ‘திறப்பு’. குர்ஆனின் 48ஆம் அத்தியாயம், நாம் உமக்குத் தெளிவானதொரு திறப்பைத் திறந்தோம் என்று இறைவன் கூறுவதாகத் தொடங்குகிறது. ஆகவே நாடுகளைப் பிடித்த கதையைத் ‘திறப்புகள்’ என்று அழைக்கும்போதே, கதவைத் திறந்தவன் யார் என்ற கேள்விக்குப் பெயரே விடை சொல்லிவிடுகிறது. நமக்குக் கிடைக்கும் பெரிய தொகுப்புகள் எல்லாம் 9ஆம் நூற்றாண்டையும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. எகிப்தின் வெற்றியை எழுதிய இப்னு அப்துல் ஹகம் 871இல் இறந்தார். நாடுகளின் வெற்றிகளைத் தொகுத்த பலாதுரீ 892இல் இறந்தார். உலக வரலாற்றை ஆண்டு வாரியாக எழுதிய தபரீயின் காலம் 839 முதல் 923 வரை. நிகழ்ச்சிகளுக்கும் இவர்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 200 ஆண்டுகளில் செய்திகள் வாய்மொழியாகவும் குறிப்பேடுகளாகவும், இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடருடன், கூஃபா, பஸ்ரா, மதீனா, ஹிம்ஸ், ஃபுஸ்தாத் போன்ற நகரங்களில் உலவின. அவற்றுள் கூஃபாவின் ஸைஃப் இப்னு உமர் சொன்னவை மிக வண்ணமயமானவை. நபிமொழிகளான ஹதீஸ்களை ஆய்ந்தவர்கள் அவரை நம்பத்தகாதவர் என்று ஒதுக்கினார்கள். தபரீயோ அவரைத் தாராளமாக எடுத்தாண்டார். கீழே வரும் கதைகளில் பல அவர் வழியாக வந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

விவிலியச் சொல் ஒன்று போர்க்களம் வரை நடந்துபோன பாதையை ஓர் இடத்தில் தெளிவாகவே பார்க்க முடிகிறது. 37ஆம் சங்கீதத்தின் 29ஆம் வசனம், ‘நீதிமான்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொண்டு, என்றைக்கும் அதிலே வாசமாயிருப்பார்கள்’ என்கிறது. குர்ஆன் 21:105, என்னுடைய நல்லடியார்கள் பூமிக்கு வாரிசாவார்கள் என்று ஸபூரில் எழுதினோம் என்று, தாவூதுக்கு, அதாவது விவிலியத்தின் தாவீதுக்கு, அருளப்பட்ட வேதத்தின் பெயரைச் சொல்லியே அதை எடுத்துரைக்கிறது. விவிலிய வாசகம் ஒன்றை நூற்பெயருடன் இவ்வளவு நெருக்கமாக மேற்கோள் காட்டும் இடம் குர்ஆனில் வேறு இல்லை எனலாம். அந்தப் பூமி எது என்பதில் உரையாசிரியர்கள் ஒருமித்ததில்லை. சொர்க்கம் என்றார்கள் சிலர். மறுப்போரிடமிருந்து முஸ்லிம் சமூகம் பெறப்போகும் நாடுகள் என்றார்கள் சிலர். இஸ்ரவேலருக்குத் தரப்பட்ட புனித பூமி என்றும் ஒரு கருத்து உண்டு. ஆனால் தபரீ தரும் காதிஸிய்யா போர்க் கதையில் இந்த ஐயத்துக்கு இடமே இல்லை. பாரசீகப் படையை எதிர்கொள்ளும் முன் தளபதி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் தம் வீரர்களிடம் இதே வசனத்தை ஓதி, இது உங்கள் வாரிசுச் சொத்து, உங்கள் இறைவன் வாக்களித்தது என்கிறார். பொல்லாதவர்களைக் கண்டு எரிச்சலடையாதே, பொறுத்திரு என்று ஆறுதல் சொன்ன சங்கீதம், யூப்ரடீஸ் கரையில் படை நடத்துபவரின் கையில் உரிமைப் பத்திரமாகிவிட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அர்மீனிய மொழியில் 660களில் எழுதப்பட்டு, செபெயோஸ் என்பவரின் பெயரால் வழங்கும் வரலாற்றில், அரேபியர் பைசாந்தியப் பேரரசருக்கு அனுப்பியதாக ஒரு செய்தி வருகிறது. இறைவன் இந்த நாட்டை எங்கள் தந்தை ஆபிரகாமுக்கும் அவருடைய சந்ததிக்கும் கொடுத்தார். நாங்கள் ஆபிரகாமின் பிள்ளைகள். நீங்கள் அதை நெடுங்காலம் வைத்திருந்துவிட்டீர்கள். அமைதியாக விட்டுப் போங்கள் என்பது அதன் சாரம். இது இரத்த உறவின் வழக்கு. ஆதியாகமத்தின் வாக்குறுதியை இஸ்மவேலின் கிளைக்கும் நீட்டும் வாதம். ஸஅத் ஓதிய வசனமோ வம்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நல்லடியார் என்ற தகுதியைப் பற்றிப் பேசுகிறது. அரேபியர் உண்மையில் முதலில் எதைச் சொன்னார்களோ, ஆனால் 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில், பாரசீகர்களும் எகிப்தியர்களும் முஸ்லிம்களாகி வரும் காலத்தில், வம்ச உரிமையைவிடத் தகுதி உரிமையே பேரரசுக்குப் பயன்படும் வாதமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வம்ச வாதம் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. எகிப்துக்கு அது வேறு உருவில் வந்தது. நீங்கள் எகிப்தை வெல்வீர்கள், அதன் மக்களை நல்லமுறையில் நடத்துங்கள், அவர்களுக்கு நம்மிடம் பாதுகாப்பு உரிமையும் இரத்த உறவும் உண்டு என்று நபி சொன்னதாக வரும் ஹதீஸை இப்னு அப்துல் ஹகம் தம் நூலில் முன்வைக்கிறார். இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பிலும் அது உண்டு. அந்த உறவு எது என்றால், இஸ்மாயீலின் தாய் ஹாஜரா எகிப்தியப் பெண் என்பதே. ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் ஆகாரை எகிப்து தேசத்தாளாகிய அடிமைப்பெண் என்று சொல்வதில் தாழ்வுக் குறிப்பு உண்டு. ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த எழுத்தாளருக்கு அதே செய்தி, வென்றவர்களுக்கும் வெல்லப்பட்டவர்களுக்கும் இடையே ஒரு தாய்வீட்டு உறவை நாட்டும் ஆதாரம்.

அற்புதக் கதைகளில் விவிலிய நிழல் இன்னும் வெளிப்படையானது. ஹிம்ஸ் நகரை முற்றுகையிட்ட முஸ்லிம்கள் ‘அல்லாஹு அக்பர்’ என்ற தக்பீரை முழங்கியதும் சுவர்கள் விரிசல் கண்டன, இரண்டாம் முழக்கத்தில் வீடுகளும் சுவர்களும் சரிந்தன என்று தபரீயில் படிக்கும்போது, இஸ்ரவேலரின் முழக்கத்தில் விழுந்ததாக விவிலியம் சொல்லும் எரிகோவின் மதில் யாருக்குத்தான் நினைவுக்கு வராது? இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸில், ஒரு பக்கம் நிலமும் ஒரு பக்கம் கடலுமான நகரத்தை, பெரும்பாலும் கான்ஸ்டான்டிநோபிள் என்று கொள்ளப்படுவதை, ஆயுதம் இல்லாமல் வெறும் இறைமுழக்கத்தால் வீழ்த்தப் போகிறவர்கள் ஈசாக்கின் மக்கள் 70,000 பேர் என்று வருகிறது. இஸ்மாயீலின் மக்கள் என்றல்லவா எதிர்பார்ப்போம்! உரையாசிரியர்களுக்கும் இது இடறியது. படியெடுத்தவரின் பிழையோ என்று கேட்டவர்கள் உண்டு.

ஆற்றையும் கடலையும் கடக்கும் கதைகளில், கதை சொன்னவர்கள் தாங்கள் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை நன்கு அறிந்தே சொன்னார்கள். 637இல் ஸஅதின் குதிரைப்படை பெருக்கெடுத்த டைக்ரிஸைக் கடந்து பாரசீகத் தலைநகரான அல்-மதாயினை அடைந்தபோது ஒருவருடைய கிண்ணம் மட்டுமே நீரில் போயிற்று, அதையும் அலைகள் கரைக்குக் கொண்டுவந்தன என்பது ஸைஃபின் கதை. அதற்கு முன்பே, அபூபக்ரின் காலத்தில், அல்-அலா இப்னுல் ஹள்ரமீயின் படை தாரீன் தீவுக்குக் கடலில் நடந்தே போனது, ஒட்டகங்களின் பாதம் மூழ்கும் அளவுக்கே நீர் இருந்தது என்று ஒரு செய்தி உண்டு. அதைப் பாடிய கவிஞர் அஃபீஃப், கடல்களைப் பிளந்தவனை அழைத்தோம், முற்காலத்தில் கடல் பிளந்ததைவிட வியப்பான ஒன்றை அவன் எங்களுக்குச் செய்தான் என்கிறார். மூஸாவின், அதாவது மோசேயின், கடலைக் கடன் வாங்கிவிட்டு மறைக்கும் முயற்சி இதில் எங்கே இருக்கிறது? கேட்பவருக்கு மூஸாவின் கதை தெரிந்திருந்தால்தான் ‘அதைவிட வியப்பு’ என்ற பெருமைக்கே பொருள் உண்டு. பத்ருப் போருக்கு முன் தோழர் மிக்தாத் நபியிடம் சொன்ன சொல்லும் இதே அமைப்புத்தான்: நீரும் உம் இறைவனும் போய்ப் போரிடுங்கள், நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று மூஸாவிடம் அவர் மக்கள் சொன்னதுபோல நாங்கள் சொல்ல மாட்டோம், உம்மோடு சேர்ந்து போரிடுவோம் என்றார் அவர். புனித பூமிக்குள் நுழையத் தயங்கிய தலைமுறையின் கதை எண்ணாகமத்திலும் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்திலும் உள்ளது. அவர்கள் தயங்கிய வாசலில் நாங்கள் நுழைந்தோம் என்பதே இந்த இலக்கியத்தின் அடிநாதம்.

இதெல்லாம் ஒன்றுகூடி அடர்ந்து நிற்கும் இடம் எருசலேம். அந்நகரம் 637 அல்லது 638இல் உமரின் ஆட்சியின்கீழ் வந்தது. தபரீயின் கதையில், உமர் வருவதற்கு முன்பே அவருடைய பெயர் அங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பலஸ்தீனத்தில் படை நடத்திய அம்ர் இப்னுல் ஆஸிடம் ரோமத் தளபதி அர்தபூன், இந்நகரை வெல்லப்போகிறவர் நீர் அல்லர், மூன்றெழுத்துப் பெயர் கொண்டவர் என்று சொல்லியனுப்புகிறார். உமர் என்பதற்கு அரபியில் மூன்று எழுத்து. அம்ர் என்பதை எழுதும்போது இறுதியில் ஒலிக்காத ஒரு ‘வாவ்’ சேர்ந்து நான்காகிவிடும். எழுத்தளவில் மட்டுமே நிற்கும் இந்த வேறுபாட்டைக் கிரேக்கம் பேசிய ஒரு தளபதி எண்ணிப் பார்த்திருப்பாரா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த எழுத்தெண்ணிக்கை வரிவடிவத்தோடு புழங்கிய அரபு எழுத்தர் ஒருவரின் கைவேலை என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறகு ஜாபியாவில் ஒரு யூதர் உமரை ‘ஃபாரூக்’ என்று அழைத்து, ஈலியாவின், அதாவது எருசலேமின், உரியவர் நீரே என்று வாழ்த்துகிறார். ஃபாரூக் என்றால் அரபியில் உண்மையையும் பொய்யையும் பிரித்துக் காட்டுபவர். உமருக்கு முதலில் அப்பெயரைச் சூட்டியவர்கள் வேதக்காரர்களே என்று 742இல் இறந்த ஸுஹ்ரீ சொன்னதாக ஒரு செய்தியும் உண்டு. அராமிய மொழிகளில் ‘பாரோகா’ என்றால் மீட்பர். இந்த இரு சொற்களின் நெருக்கம் தற்செயலா, அல்லது மீட்பரை எதிர்பார்த்திருந்த யூதர்களின் ஒரு வாழ்த்தொலி அரபியில் புகுந்து பொருள் மாறியதா என்று அறிஞர்கள் நெடுநாளாக வாதிடுகிறார்கள். இரண்டாவதே சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸுஹ்ரீயின் செய்தி, அப்பெயர் வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு முஸ்லிம் மரபிலேயே இருந்தது என்பதைக் காட்டுகிறது.

நகருக்குள் வந்த உமர் இரவில் தாவூதின் தொழுமிடத்தில் தொழுகிறார். தொழுகையில் அவர் ஓதியவை என்ன என்பதையும் கதை சொல்கிறது: முதலில் ஸாத் அத்தியாயம், அடுத்து பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் தொடக்கம். முன்னது தாவூது தம் தவறை உணர்ந்து பணிந்ததைச் சொல்வது. பின்னது இஸ்ரவேலர் இருமுறை குழப்பம் விளைவித்ததையும், பகைவர் தொழுமிடத்துக்குள் புகுந்து அழித்ததையும் சொல்வது. தேர்ந்தெடுத்த ஓதலே ஒரு வரலாற்று உரை. பிறகு தொழுமிடத்தை எங்கே அமைக்கலாம் என்று கஅபைக் கேட்கிறார். ஆலயத் தளத்திலுள்ள பாறைக்குப் பின்னால் என்கிறார் கஅப். அப்படியானால் தொழுபவர் முன் பாறையும் மக்காவின் கஅபாவும் ஒரே திசையில் அமையும். உமர் மறுக்கிறார்: கஅபே, நீர் யூத வழக்கத்தைப் பின்பற்றுகிறீர், காலணிகளைக் கழற்றியதையும் பார்த்தேன், நமக்குப் பாறையைப் பற்றிக் கட்டளை இல்லை, கஅபாவைப் பற்றியே கட்டளை. எரியும் முட்செடியின் முன் மோசே காலணி கழற்றிய மண்ணின் நினைவு அந்த ஒரு குறிப்பில் மின்னி மறைகிறது.

அதோடு நிற்கவில்லை. ரோமர்கள் ஆலயத் தளத்தை மூடியிருந்த குப்பையை உமர் தம் மேலாடையில் அள்ளத் தொடங்கியதும் கஅப் தக்பீர் முழங்குகிறார். இன்று நீர் செய்ததை 500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தீர்க்கதரிசி சொன்னார் என்கிறார். ‘ஊரீ ஷலமே, மகிழ்ந்திரு, ஃபாரூக் உன்னிடம் வந்து உன்னைத் தூய்மைப்படுத்துவார்’ என்பது அந்த முன்னறிவிப்பு. ‘எருசலேம் குமாரத்தியே, கெம்பீரி, இதோ, உன் ராஜா உன்னிடத்தில் வருகிறார்’ என்ற சகரியாவின் குரலைத் தெரிந்தவர்களுக்கு இதன் தாளம் புதிதல்ல. நகரின் பெயர்கூட அரபி வழக்கான பைத்துல் மக்திஸாக இல்லாமல் எபிரேயச் சாயலில் நிற்கிறது. தொடர்ச்சியில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிரான தீர்க்கதரிசனம் வருகிறது: என் வீட்டைப் பாழாக்கி, உன்னை என் அரியணைக்கு ஒப்பிட்டார்கள், ஒரு நாள் உன்னை மொட்டையாக்குவேன், அது காதிரின் மக்கள், ஸபா, வத்தான் ஆகியோர் கையால் நடக்கும் என்கிறது அது. இந்த மூன்று பெயர்களும் அரபியில் படிக்கும்போது புரியாத கல்லாக இடறுகின்றன. ஆதியாகமத்தைத் திறந்தால் கேதார், சேபா, தேதான் என்று அவை வரிசையாக நிற்கின்றன. கேதார் இஸ்மவேலின் மகன். ஆகவே இந்தப் பகுதியை அரபுக் கதைசொல்லி ஒருவர் தாமே புனைந்திருக்க முடியாது. எபிரேயமோ அராமியமோ அறிந்த ஒருவரின் வாயிலிருந்து அது வந்து, பெயர்கள் சிதைந்த நிலையிலேயே, புரியாதபோதும் விடாமல் கடத்தப்பட்டிருக்கிறது. இந்த இலக்கியத்தில் நான் மிக மதிப்பது இத்தகைய சிதைவுகளைத்தான். பளபளப்பான கதையைவிடப் புரியாத சொல் அதிகச் சாட்சி சொல்லும்.

இதே காட்சியை மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பார்க்கும்போதுதான் விவிலியம் அன்று எல்லாருக்கும் பொதுவான வழக்குமன்றமாக இருந்தது புரிகிறது. 818இல் இறந்த பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபனீஸின் நூலில், அழுக்கான ஒட்டக மயிர் ஆடையில் வந்த உமரைக் கண்ட எருசலேமின் மறைமுதுவர் சொஃப்ரோனியுஸ், தானியேல் சொன்ன ‘பாழாக்குகிற அருவருப்பு’ இதுவே என்று புலம்புகிறார். அரபுக் கதைகள் உமரின் எளிமைக்குச் சான்றாகப் போற்றும் அதே முரட்டு ஆடை இங்கே பாசாங்கின் அடையாளம். 10ஆம் நூற்றாண்டில் அரபியிலேயே எழுதிய அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ மறைமுதுவர் ஸயீத் இப்னு பத்ரீக், பாறையைக் காட்டியவர் கஅப் அல்லர், சொஃப்ரோனியுஸ் என்கிறார். அங்கே குப்பை சேர்ந்ததற்கும், ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் இராதபடி இடிக்கப்படும் என்ற நற்செய்தி வாக்கைக் காரணமாக்குகிறார். கிறிஸ்தவ வாசகருக்கு அந்தக் குப்பைமேடு நிறைவேறிய தீர்க்கதரிசனம். கஅபுக்கு நிறைவேறக் காத்திருந்த தீர்க்கதரிசனம். 8ஆம் நூற்றாண்டு நடுவில் உருவானதாகக் கருதப்படும் ஒரு எபிரேய வெளிப்பாட்டு நூலில், ரபி சிமோன் பென் யோகாயிடம் தேவதூதர், உன்னை ஏதோமின், அதாவது ரோமின், கையிலிருந்து மீட்கவே இறைவன் இஸ்மவேலின் ஆட்சியை எழுப்புகிறார் என்கிறார். இஸ்மவேலின் இரண்டாம் அரசர் இஸ்ரவேலை நேசிப்பவர், ஆலயத்தின் உடைப்புகளைச் சீர்செய்பவர் என்றும் அதில் வருகிறது.

படையெடுப்புக் காலத்து நேர்ச்சாட்சியாக நம்மிடம் உள்ளவற்றுள் ஒன்று சொஃப்ரோனியுஸ் 634ஆம் ஆண்டு கிறிஸ்துமஸில் ஆற்றிய மறையுரை. அதில் தானியேல் இல்லை. பெத்லகேமுக்குப் போக வழியில்லாமல் எருசலேமுக்குள் அடைபட்ட அவர், பெத்லகேம் கிணற்றின் தண்ணீருக்கு ஏங்கிய தாவீதையும், சுடரொளிப் பட்டயத்தால் தடுக்கப்பட்டுப் பரதீசுக்கு வெளியே நின்ற ஆதாமையும் நினைக்கிறார். பின்னாளில் அவர் வாயில் வைக்கப்பட்ட இடிமுழக்கத்தைவிட இந்த ஏக்கம் நம்பத்தகுந்ததாக ஒலிக்கிறது.

வேதக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் வழக்கத்துக்கு மிகப் பெரிய சாட்சி பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியுஸ். புகாரீயின் ஹதீஸ் தொகுப்பில், விண்மீன்களைப் பார்த்துக் குறி அறியும் ஹெராக்ளியுஸ் ஒரு நாள் கலங்கி எழுந்து, விருத்தசேதனம் செய்துகொள்வோரின் அரசன் தோன்றிவிட்டான் என்கிறார். அப்படிச் செய்பவர்கள் யூதர்கள்தானே என்று அவையோர் எண்ண, அரேபியர்களும் செய்கிறார்கள் என்பது பிறகு தெரியவருகிறது. இது முஸ்லிம்களின் புனைவு என்று தள்ள நினைப்பவருக்கு ஒரு தடை உண்டு: ஏறத்தாழ 660இல் இன்றைய பிரான்ஸில் இலத்தீனில் எழுதப்பட்ட, ஃபிரெடெகாரின் பெயரால் வழங்கும் வரலாற்றிலும் இதே கதை இருக்கிறது. அங்கே பேரரசர் குறியைத் தவறாகப் புரிந்துகொண்டு யூதர்களுக்கு ஞானஸ்நானம் தரக் கட்டளையிடுகிறார். தோல்வியைத் தங்களுக்கே விளக்கிக்கொள்ளக் கிறிஸ்தவர்கள் சொல்லிக்கொண்ட கதை, வெற்றியை விளக்க முஸ்லிம்களுக்கும் உதவியது.

இன்னொரு கதையில் ஹெராக்ளியுஸ் அபூபக்ரின் தூதர்களுக்கு இரவில் ஒரு பேழையைத் திறந்து காட்டுகிறார். சிறு சிறு அறைகள்; ஒவ்வொன்றிலும் கரும்பட்டுத் துணியில் ஒரு நபியின் உருவம்; நடுவே முஹம்மது நபியின் உருவத்தைக் கண்டு தூதர்கள் அழுகிறார்கள். தம் சந்ததியில் வரும் நபிமார்களைக் காட்டுமாறு ஆதம் கேட்டபோது இறைவன் தந்த படங்கள் அவை என்றும், குர்ஆனில் வரும் மன்னர் துல்கர்னைன் எடுத்துத் தானியேலிடம் கொடுத்தார் என்றும் அதற்கு ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. மறுபடியும் தானியேல்.

தானியேலின் நகரான ஸூஸ் வீழ்ந்த கதையில் இந்தச் சாட்சி மரபு தன்னையே கேலி செய்துகொள்கிறது. மதில்மேல் ஏறிய துறவிகளும் குருக்களும், கடைசிக் காலத்தில் வரும் பொய்யனான தஜ்ஜாலோ, தஜ்ஜால் உள்ள படையோதான் இந்நகரைப் பிடிக்கும் என்று எங்கள் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள், வீணாக முயலாதீர்கள் என்று கத்துகிறார்கள். முற்றுகைப் படையில் மதீனாவின் ஸாஃப் இப்னு ஸய்யாத் இருக்கிறார். இளவயதில் தஜ்ஜால் இவர்தானோ என்று ஐயுறப்பட்ட அதே ஆள். கோபத்தோடு போய் வாயிற்கதவைக் காலால் உதைத்து, திற என்கிறார். சங்கிலிகள் அறுகின்றன, பூட்டுகள் தெறிக்கின்றன, நகரம் திறக்கிறது. கிறிஸ்தவர்களின் முன்னறிவிப்பு எழுத்துப்படி நிறைவேறிவிட்டது. இதை முஸ்லிம் தொகுப்பாளர்களே முகம் சுளிக்காமல் எழுதிவைத்தார்கள் என்பது, எல்லாக் கதையும் பிரசாரம் என்று ஒரே கோலால் அளப்பவர்களைச் சற்றுத் தயங்க வைக்க வேண்டும்.

வேதக்காரரிடமிருந்து கேட்பது சரியா என்ற கேள்வி முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே எழுந்தது. இஸ்ரவேலரிடமிருந்து கேட்டதைச் சொல்லுங்கள், குற்றமில்லை என்ற ஹதீஸும் புகாரீயில் உண்டு. வேதக்காரர்களை உண்மைப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம் என்ற ஹதீஸும் உண்டு. பின்னாளில் இத்தகைய செய்திகள் ‘இஸ்ராயீலிய்யாத்’ என்று தனிப்பெயர் பெற்று, ஐயத்துக்குரியவையாக ஓரங்கட்டப்பட்டன. ஆனால் ஃபுதூஹ் நூல்களில் உமர் கஅபைக் கடிந்துகொள்ளும் காட்சியும், தொடர்ந்து கஅபின் தீர்க்கதரிசனம் முழுதாக இடம்பெறுவதும், ஓரங்கட்டல் நடப்பதற்கு முந்திய, இரண்டு மனமுள்ள ஒரு காலத்தைக் காட்டுகின்றன.

ஸூஸின் உடல் வெறும் கதையன்று. 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட கூஜிஸ்தான் வரலாறு, அரேபியர் ஸூஸைப் பிடித்து, தானியேலின் இல்லம் எனப்பட்ட இடத்திலிருந்த செல்வத்தை எடுத்ததையும், உடல் கிடந்த வெள்ளிப் பேழையைக் கொண்டுபோனதையும் சொல்கிறது; அது தானியேலின் உடல் என்று பலரும், தரியு மன்னனுடையது என்று வேறு சிலரும் சொன்னார்களாம். பதின்மூன்று குழிகளைப் பற்றி அந்த நூலுக்கு ஒன்றும் தெரியாது. பலாதுரீயின் செய்தியிலோ உமரின் ஆணைப்படி ஆற்றைத் திருப்பி, அதன் படுகையில் அவரை அடக்கம் செய்து, மேலே நீரை ஓடவிட்டார்கள். ஊலாய் ஆற்றங்கரையில் நின்று காட்சி கண்டதாகத் தானியேல் நூலின் எட்டாம் அதிகாரம் சொல்வதை நினைக்கும்போது, ஆறு அவரை விடவே இல்லை என்று தோன்றுகிறது.

மறைத்துவைக்கும் முயற்சி பலிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த துதேலாவின் பெஞ்சமின் ஸூஸைப் பற்றி எழுதும்போது, தானியேலின் பேழை இருக்கும் கரை செழிக்கிறது என்று கருதிய இரு கரை யூதர்களும் அதற்காகச் சண்டையிட்டதையும், ஆண்டுக்கு ஒரு கரை என்று மாற்றி மாற்றி வைத்ததையும், கடைசியில் சுல்தான் ஸன்ஜர் அதைப் பாலத்தின் நடுவே இரும்புச் சங்கிலிகளில் ஆற்றுக்கு மேலே தொங்கவிடச் செய்ததையும் சொல்கிறார். இன்று ஷூஷ் எனப்படும் அந்த நகரில் ஷாவூர் ஆற்றின் கரையில், தேன்கூடு போல அடுக்கடுக்காக உயரும் வெண்ணிறக் கூம்புக்குக் கீழே தானியேலின் பெயரில் ஒரு கல்லறை இருக்கிறது. முஸ்லிம்கள் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள்.